கொம்பியூட்டர் பழகத் தொடங்கிறவைக்கு: முதல்ல "இது எங்க கிடக்கு" எண்டு கேக்கப் பழகுங்கோ

விசுவமடுவில நான் வைச்சிருக்கிறது ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோகொப்பி, பிரிண்ட், லமினேற், ரீலோட், சிவி அடிக்கிறது, பரீட்சை ரிசல்ட்ஸ் எடுத்துக் குடுக்கிறது, எல்லாம் ஒரு பத்துக்குப் பன்ரண்டு அறைக்கதான். கிழமைக்கு ரெண்டு மூண்டு பேராவது வந்து நிண்டு "அக்கா, எனக்கு கொம்பியூட்டர் ஒரு சாமானும் தெரியாது, எங்க இருந்து தொடங்கிறது" எண்டு கேப்பினம், கேக்கேக்கயே கையில போன் இருக்கும், அதில வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொராளுக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு, அதால ஒருக்கா எழுதியே வைப்பம் எண்டுதான் இது.

உங்கட கையில இருக்கிற அந்தப் போனும் கொம்பியூட்டர்தான். அதுக்குள்ள கணக்குப் பாக்கிற புரொசசர் இருக்கு, ரம் இருக்கு (குடிக்கிற ரம் இல்லை, அதுக்குப் பிறகு வாறன்), சாமான் வைக்கிற ஸ்டோரேஜ் இருக்கு, எல்லாத்தையும் மேய்க்கிற அன்ட்ரொயிட் இருக்கு. மேசையில இருக்கிறதில அன்ட்ரொயிட்டுக்குப் பதிலா விண்டோஸ் இருக்கும், பெரிய ஸ்கிரீனும் கீபோர்டும் மௌசும் இருக்கும், அவ்வளவுதான். லப்டொப் வாங்கினாப் பிறகு பழகுவம் எண்டு இருக்கிற பிள்ளையள் இதில அரைவாசிய இண்டைக்கே போன்ல பழகலாம்.

நான் பழகினது 2011ல. பேர் வேண்டாம், ஒரு இடத்தில காசு கட்டிப் போனனான், முதல் மாசம் முழுக்க கொம்பியூட்டரின்ட தலைமுறைகள், வால்வு, ட்ரான்சிஸ்டர், ஆர் எந்த ஆண்டு என்னத்தக் கண்டுபிடிச்சவர் எண்டு கொப்பியில எழுதினதுதான், மௌசத் தொட்டது ரெண்டாம் மாசம். சோதினைக்கு அது தேவைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா சேர்டிபிக்கற்றும் கையுமா வெளிய வந்த அண்டைக்கு அடிச்ச கடிதம் எந்த இடத்தில சேவ் ஆகியிருக்கு எண்டு எனக்குத் தெரியாது. பிறகு கடையில இருந்து அடிபட்டுத்தான் விளங்கினது, ஒரே ஒரு கேள்வியப் பிடிச்சுக்கொண்டா முக்காவாசி விளங்கும் எண்டு. "இது இப்ப எங்க கிடக்கு?"

சிரிக்காதேங்கோ. ஒரு அம்மா வருவா, "பிள்ளை, இந்தப் படத்த ஒருக்கா பிரிண்ட் எடுத்துத் தா" எண்டு. படம் எங்க அம்மா? போன்ல. போன்ல எங்க? வட்ஸ்அப்ல. வட்ஸ்அப்ல ஆர் அனுப்பினது? அது தெரியாது, போன மாசம் ஆரோ குறூப்பில போட்டது. இனி ரெண்டு பேருமா இருந்து விரலால தள்ளித் தள்ளித் தேடுவம், அரை மணித்தியாலம் போகும், பிரிண்டுக்கு எடுக்கிற காசு அந்த நேரத்துக்குக் காணாது.

நெல்லும் மழையும்

ரமுக்கும் ஸ்டோரேஜுக்கும் வித்தியாசம் என்னெண்டு கேட்டா நான் நெல்லைத்தான் சொல்லுறது. அறுவடை முடிய முற்றத்திலயோ றோட்டுக் கரையிலயோ படங்க விரிச்சு நெல் காயப்போடுறம்தானே. நிண்டு கிண்டிறது, புடைக்கிறது, அளக்கிறது, வேலை எல்லாம் அங்கதான் நடக்கும். வேலை முடிய மூட்டையில கட்டி அறைக்க அடுக்கிறம். மழை வந்தா நனையிறது வெளிய கிடக்கிற நெல் மட்டும்தான், அறைக்க இருக்கிற மூட்டைக்கு ஒண்டும் நடக்காது.

ரம் முற்றம், ஸ்டோரேஜ் (கொம்பியூட்டர்ல ஹார்ட் டிஸ்க்) அறை, கரண்ட் நிக்கிறதுதான் மழை. நீங்கள் வேர்ட்டில ஒரு கடிதம் அடிக்கேக்க ஸ்கிரீன்ல தெரியுதே, அது முற்றத்தில கிடக்கிற நெல். சேவ் குடுத்தாத்தான் அறைக்குப் போகும். முற்றம் பெரிசா இருந்தா ஒரே நேரத்தில கனக்க விரிக்கலாம், அதாலதான் ரம் கூடின மெசின் பத்துப் பக்கத்தத் திறந்து வைச்சாலும் திணறாம ஓடுது. அறை பெரிசா இருந்தா கனக்க அடுக்கலாம், ஆனா அதால வேகம் வராது. "அக்கா 1 டெரா (1000 ஜிபி) டிஸ்க் போட்ட லப்டொப், ஏன் இவ்வளவு ஸ்லோ" எண்டு கேக்கிற தம்பிமாருக்கு இதுதான் மறுமொழி.

என்ர மழை 2011 கடைசியில வந்தது. எங்கட மாதர் சங்கத்துக்கு ஒரு பெரிய பட்டியல், பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் எண்டு மூண்டு மணித்தியாலம் குந்தியிருந்து அடிச்சனான், டக்கெண்டு கரண்ட் போச்சு, திரும்பி வரேக்க வெறும் ஸ்கிரீன். வேர்ட் தன்ட பாட்டில 10 நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு மீட்புக் கொப்பி எடுத்து வைக்கும், ஆனா அத நம்பி இருக்கக் கூடாது, அண்டைக்கு எனக்கு அது கை குடுக்கேல்ல. அதுக்குப் பிறகு கன்ட்ரோலும் எஸ்ஸும் சேத்து அமத்திறது கை தன்ட பாட்டில செய்யும், ஒரு பந்தி முடிய ஒருக்கா. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்களே, அப்ப கடைக்கு வந்த பிள்ளையளும் அந்தப் பழக்கத்தப் பழகிட்டுதுகள். வீட்டில மேசைக் கொம்பியூட்டர் வைச்சிருக்கிற ஆக்கள் சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கிற பற்றரிப் பெட்டி) ஒண்டு போடுங்கோ, அது வேலை செய்யிறதுக்கு இல்லை, சேவ் பண்ணி ஒழுங்கா நிப்பாட்டுறதுக்கு ஒரு பத்து நிமிசம் தரும். லப்டொப்புக்குத் தேவையில்லை, பற்றரி இருக்கு. ஐப்பசியில இடி முழக்கம் தொடங்கினா பிளக்க மட்டுமில்லை, ரவுட்டருக்கு வாற லைனையும் கழட்டி விடுங்கோ, மின்னல் அதாலயும் வரும்.

பைல், போல்டர், அந்தத் தேடுதல் வேட்டை

பைல் எண்டா ஒரு சாமான்: ஒரு கடிதம், ஒரு படம், ஒரு பாட்டு. போல்டர் எண்டா சாமான் போடுற பெட்டி. பெட்டிக்குள்ள பெட்டி வைக்கலாம். இதுக்கு மேல இதில தத்துவம் ஒண்டும் இல்லை, ஆனா கொம்பியூட்டர் தெரியும் தெரியாது எண்டு பிரிக்கிறது இந்த இடம்தான், அதால இதில நிண்டு பழகுங்கோ.

போன்ல செய்து பாருங்கோ. பைல்ஸ் எண்டோ மை பைல்ஸ் எண்டோ ஒரு அப் இருக்கும், அநேகம் பேர் வாங்கின நாளில இருந்து அதத் திறந்திருக்கவே மாட்டினம். திறந்தா டவுன்லோட், டிசிஐஎம், டொகியூமென்ட்ஸ் எண்டு பெட்டியள் தெரியும். நெற்றில இருந்து எடுக்கிறது டவுன்லோட்டுக்க விழும். கமராவில எடுக்கிற படம் டிசிஐஎம்முக்க கமரா எண்ட பெட்டியில. வட்ஸ்அப் தனக்கெண்டு தனிப்பெட்டி வைச்சிருக்கு, கலரியில எல்லாம் ஒண்டாத் தெரிஞ்சாலும் உள்ள வேற வேற இடத்திலதான் கிடக்கு. இப்ப நீங்களா ஒரு புதுப் போல்டர் திறந்து "வீட்டுப் பத்திரங்கள்" எண்டு பேர் வையுங்கோ, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி பெர்மிட், வங்கிப் புத்தக முதல் பக்கம் எல்லாத்தையும் படமெடுத்து, ஒவ்வொண்டுக்கும் பேர் மாத்தி, அதுக்குள்ள போடுங்கோ. இதச் செய்து முடிச்சா மூவ், கொப்பி, ரீநேம் மூண்டும் பழகிட்டீங்கள் எண்டு அர்த்தம்.

விண்டோஸ்லயும் இதுதான், ஆனா மௌஸ் வரும். ஒருக்கா அமத்தினா தெரிவு, ரெண்டு தரம் டக்டக்கெண்டு அமத்தினாத் திறக்கும், வலப்பக்கத்த அமத்தினா அந்தச் சாமானோட என்ன செய்யலாம் எண்டு பட்டியல் வரும். கை நடுங்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது சொலிடயர் எண்ட சீட்டு விளையாட்ட விளையாடச் சொல்லி. 1990ல விண்டோஸ் 3.0 ஓட அந்த விளையாட்டச் சேத்து விட்டதே சனத்துக்கு மௌசால இழுத்துப் போடப் பழக்கிறதுக்குத்தான் எண்டு சொல்லுவினம். 304 விளையாடிப் பழகின எங்கட ஐயாமாருக்கு சீட்ட இழுத்து வைக்கச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, ஒரு பின்னேரத்தில மௌஸ் கைக்கு வந்திடும்.

கீபோர்ட்டில ஆறு குறுக்குவழி போதும், எல்லாம் கன்ட்ரோல அமத்திக்கொண்டு: சி அடிச்சா கொப்பி, எக்ஸ் வெட்டி எடுக்கும், வி ஒட்டும், எஸ் சேவ், எப் தேடும், இசட் கடைசியாச் செய்தத அழிச்சுப் பின்னுக்குப் போகும். அந்த இசட் தெரிஞ்சா கொம்பியூட்டர்ப் பயம் அரைவாசி போயிடும், ஏனெண்டா பிழை விட்டாத் திரும்பலாம்.

பேர் வைக்கிறது பற்றி ஒரு புறுபுறுப்பு. "புது டொகியூமென்ட் 1", "புது டொகியூமென்ட் 1 கடைசி", "கடைசி கடைசி" எண்டு வைக்காதேங்கோ. என்ன, ஆர்ட, எந்தத் திகதி எண்டு மூண்டும் பேரில இருக்கோணும். பேருக்குப் பின்னால ஒரு புள்ளி வைச்சு வாறது அந்தச் சாமான் என்ன சாதி எண்டு சொல்லும். டொக்எக்ஸ் எண்டா வேர்ட், ஜேபிஜி எண்டாப் படம், பிடிஎப் எண்டா ஆரின்ட மெசின்ல திறந்தாலும் அமைப்புக் குழம்பாத கடுதாசி. சிவி அனுப்பிறது எண்டா பிடிஎப் ஆக்கி அனுப்புங்கோ, சேவ் அஸ் குடுத்தா அந்தத் தெரிவு வரும். வட்ஸ்அப்ல ஆரும் ஏபிகே எண்டு முடியிற சாமான் அனுப்பினா அது படமும் இல்லை கல்யாணக் காட்டும் இல்லை, அது ஒரு அப், அமத்தினா போனுக்குள்ள வந்து குந்தும். கொம்பியூட்டர்ல எக்ஸ்ஈ எண்டு முடியிறதும் அப்பிடித்தான்.

இனி பென்ட்ரைவ். இது கடைக்காரியின்ட வயித்தெரிச்சல். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பென்னக் கொண்டு வந்து குத்தும், உள்ள இருந்த பைல் ஒண்டும் இல்லை, எல்லாத்துக்கும் பதிலா மூலையில வளைஞ்ச அம்பு போட்ட சோர்ட்கட் மட்டும் நிக்கும். பிள்ளை அழப் பாக்கும். அழாதேங்கோ, அந்தச் சோர்ட்கட்ட அமத்தாதேங்கோ, போமட் அடிக்கவும் (பென்ன முழுக்கத் துடைக்கவும்) வேண்டாம். அநேகமா பைல் அதுக்குள்ளதான் கிடக்கு, வைரஸ் அத மறைச்சுப்போட்டுத் தன்ட சோர்ட்கட்ட முன்னுக்கு வைச்சிருக்கு. பைல் எக்ஸ்புளோரர்ல (விண்டோஸில பெட்டியளத் திறந்து பாக்கிற இடம்) வியூ எண்டதுக்க போய் ஹிடன் ஐட்டம்ஸ் எண்டதுக்குச் சரி போட்டா மங்கலாத் தெரிய வாய்ப்பிருக்கு. தெரிஞ்சா வேற இடத்துக்குக் கொப்பி எடுத்துப்போட்டு பிறகு பென்னத் துடைக்கலாம். தெரியாட்டியும் போயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ, தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்தா எடுக்கலாம். இன்னொண்டு, மெசின்ல அழிச்சா றீசைக்கிள் பின் எண்ட குப்பைக்கூடைக்க போய்க் கிடக்கும், தூக்கி எடுக்கலாம், பென்ல இருக்கிறத அழிச்சா அங்க போகாது, நேரா அழியும். கழட்டேக்க இஜெக்ட் குடுத்துக் கழட்டுங்கோ.

தமிழ் அடிக்கிறது, பாமினியும் யூனிகோடும்

எங்கட பக்கத்தில இது ஒரு தீராத வழக்கு. ஒரு ஆசிரியர் வீட்டில இருந்து வினாத்தாள் அடிச்சுக் கொண்டு வருவார், எங்கட மெசின்ல திறந்தா ஒரு தமிழ் எழுத்தும் இல்லை, எல்லாம் இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கும். "நேற்று வடிவாத் தமிழ்ல இருந்தது பிள்ளை" எண்டு அவர் சத்தியம் பண்ணுவார். அவர் சொல்லுறது உண்மைதான். ஆனா அந்தத் தமிழ் எங்க கிடந்தது எண்டு கேளுங்கோ.

பாமினியில அடிக்கேக்க பைலுக்குள்ள போறது இங்கிலீசு எழுத்து. பாமினி எண்ட பொன்ட் (எழுத்துரு) அந்த எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டு விடுது. அவரின்ட மெசின்ல அந்தப் பொன்ட் இருக்கு, சட்டை இருக்கு. வேற மெசின்ல பொன்ட் இல்லாட்டிச் சட்டை கழண்டு நிக்கும். யூனிகோட் அப்பிடி இல்லை. உலகத்தில இருக்கிற எழுத்து ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர் குடுத்து வைச்சிருக்கு, அ எண்ட எழுத்துக்கு 2949, க எண்டதுக்கு 2965. பைலுக்குள்ளயே அது தமிழ் எழுத்து எண்டு பதிஞ்சு கிடக்கும், கனடாவில திறந்தாலும் கனகராயன்குளத்தில திறந்தாலும் தமிழாத்தான் தெரியும், கூகிள்ல தேடினாலும் ஆப்பிடும். போன்ல நீங்கள் தமிழ்ல அடிக்கிறது எல்லாம் யூனிகோட்தான். தமிழ் 1991ல வந்த முதல் யூனிகோட் பதிப்பிலயே இருக்கு, எங்கட நாட்டிலயும் எஸ்எல்எஸ் 1326 எண்டு தமிழுக்கு ஒரு தரநிர்ணயம் போட்டு ரெங்கநாதன் எண்ட விசைப்பலகை அமைப்ப ஏற்றுக்கொண்டிருக்கு, பிறகும் அச்சுக்கடையள்ல பாமினி போன பாடில்லை. அவையையும் குறை சொல்ல ஏலாது, இருவது வருசமா விரலில ஊறின பழக்கம்.

அந்தப் பழக்கத்த விடத் தேவையில்லை எண்டதுதான் கனபேருக்குத் தெரியாத விசயம். இ-கலப்பை எண்டு ஒரு இலவச மென்பொருள் இருக்கு (பேர் எங்கட ஊருக்கெண்டே வைச்ச மாதிரி), அதப் போட்டு பாமினி விசைப்பலகையத் தெரிஞ்சா விரல் பழைய மாதிரியே ஓடும், ஆனா உள்ள விழுறது யூனிகோட். பழைய பைல மாத்திறதுக்கு நெற்றில கன்வேர்ட்டர் இருக்கு, ஒட்டி மாத்திக் கொப்பி எடுக்கலாம், மாத்தினாப் பிறகு ஒருக்கா முழுக்க வாசிச்சுப் பாருங்கோ, கொம்பு கால் இடம் மாறி நிக்கும் சில இடத்தில. புதுசாத் தொடங்கிற பிள்ளையள் பாமினியப் பக்கத்திலயும் எடுக்காதேங்கோ. விண்டோஸ் 10, 11 ரெண்டிலயும் செற்றிங்ஸ்ல லாங்குவேஜ் எண்டதுக்க தமிழச் சேத்தா கீபோர்ட் வரும், இங்கிலீசு ஒலிப்பில அடிக்கிறதும் இருக்கு தமிழ்99உம் இருக்கு. போன்ல ஜிபோர்ட் எண்ட கூகிள் கீபோர்ட்டில தமிழச் சேத்திட்டு மைக்க அமத்திக் கதைச்சாலும் எழுதும், ஆனா எங்கட கதைய அப்பிடியே கதைச்சா அது என்னவோ ஒண்டை எழுதி வைக்கும், ரேடியோச் செய்தி வாசிக்கிற மாதிரி ஆறுதலாக் கதையுங்கோ.

நெற் எண்டா என்ன

இதச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன். உங்கட மெசின் இன்னொரு மெசினோட கதைக்கிறதுதான் நெற். நீங்கள் பாக்கிற பக்கம் எங்கயோ ஒரு கட்டிடத்தில இருக்கிற கொம்பியூட்டர்ல கிடக்கு, நீங்கள் கேக்க அது அனுப்புது. கிளவுட் எண்டா மேகம் இல்லை, அதுவும் அப்பிடி ஒரு கட்டிடம்தான். மாத்தறையில கரையேறுற சீ-மீ-வீ 5 மாதிரிக் கடலுக்கடியால போற கேபிளுகள்தான் எங்கள வெளிய தொடுக்குது, புதுக்குடியிருப்பில இருந்து முல்லைத்தீவுக்கு வட்ஸ்அப்ல "வெளிக்கிட்டாச்சோ" எண்டு கேட்டா அது பெரும்பாலும் வெளிநாடு போய்த்தான் திரும்பி வருது.

வேகத்தில ஒரு குழப்பம் இருக்கு. கொம்பனிக்காரர் வேகத்தச் சொல்லுறது பிட் கணக்கில, பைல் இருக்கிறது பைட் கணக்கில, 8 பிட் சேந்ததுதான் 1 பைட். அப்ப 8 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 8 மெகாபிட்) எண்டா ஒரு செக்கனுக்கு 1 எம்பி (மெகாபைட்)தான் வரும், 700 எம்பி வீடியோ இறங்க 12 நிமிசம் அளவில எடுக்கும், அதுவும் சிக்னல் ஒழுங்கா நிண்டா. 500 ஜிபி எண்டு வாங்கின டிஸ்க் விண்டோஸ்ல 465 எண்டு காட்டுறதுக்கும் கடைக்காரனோட சண்டைக்குப் போகாதேங்கோ, செய்யிறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024ஆ எண்ணுது. டேட்டா மிச்சம் பிடிக்கிறதெண்டா யூடியூப்ல தரத்த 360க்கு இறக்கி விடுங்கோ, பாடம் பாக்க அது காணும், வட்ஸ்அப்ல மீடியா தானா இறங்கிறத நிப்பாட்டுங்கோ.

மெயில், பாஸ்வேர்ட், ஆரின்ட நம்பர்

எனக்கு வருமானம் வாற விசயம்தான், எண்டாலும் சொல்லுறன்: கொமினிகேசன்காரரைக் கொண்டு ஈமெயில் திறப்பிக்காதேங்கோ. அவசரத்துக்கு வேலை விண்ணப்பம் போடோணும் எண்டு வருவினம், கடைக்காரர் தன்ட நம்பரப் போட்டு, தானே ஒரு பாஸ்வேர்டும் வைச்சு, ரெண்டு நிமிசத்தில திறந்து குடுத்திடுவினம். ஆறு மாசத்தால நேர்முகத் தேர்வுக் கடிதம் அந்த மெயிலுக்கு வரும், திறக்கத் தெரியாது, பாஸ்வேர்ட் மறந்தாச்சு, கூகிள் கோட்ட அனுப்பிறது கடைக்காரரின்ட நம்பருக்கு, கடைக்காரர் சிம் மாத்திட்டார். அப்பிடி ஒரு தங்கச்சி எனக்கு முன்னால இருந்து அழுதது, நேர்முகத்துக்குத் திகதியும் முடிஞ்சுது.

ஆறுதலா வீட்டில இருந்து உங்கட போன்ல, உங்கட நம்பரப் போட்டு நீங்களே திறவுங்கோ. பாஸ்வேர்ட் நீளமா இருக்கட்டும், சம்பந்தமில்லாத மூண்டு நாலு சொல்லச் சேத்து வையுங்கோ, பிறந்த ஆண்டும் பிள்ளையின்ட பேரும் வேண்டாம். மெயிலுக்கும் பேஸ்புக்குக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கவும் கூடாது, ஒண்டு போனா எல்லாம் போகும். ஞாபகம் நிக்காட்டி ஒரு கொப்பியில எழுதி காணிப் பத்திரத்தோட றங்குப்பெட்டிக்க வையுங்கோ, எழுதவே கூடாது எண்டு சொல்லுறவை இருக்கினம், நான் அதுக்கு உடன்படேல்ல, உங்கட றங்குப்பெட்டிய ரஷ்யாவில இருக்கிற கள்ளன் திறக்க மாட்டான். சிம் மாத்த முதல் மெயில்ல இருக்கிற நம்பர மாத்துங்கோ, பாவிக்காம விட்ட நம்பர் கொஞ்சக் காலத்தில வேற ஆருக்கும் போகும். கடை மெசின்ல திறந்தா சைன் அவுட் குடுத்துப்போட்டு எழும்புங்கோ, என்ர கடையிலயும்தான்.

போனுக்கு வாற ஆறு இலக்கக் கோட் உங்கட வீட்டுத் திறப்பு. அத ஆர் கேட்டாலும் குடுக்கக் கூடாது, வங்கியில இருந்து எண்டு கேட்டாலும், தெரிஞ்ச மச்சாளின்ட நம்பர்ல இருந்து "பிழையா உங்களுக்கு ஒரு கோட் வந்திட்டு, அனுப்புங்கோ" எண்டு வந்தாலும். மச்சாளின்ட வட்ஸ்அப் ஏற்கனவே களவு போயிட்டு எண்டுதான் அதுக்கு அர்த்தம், எடுத்துக் குரலில கதைச்சுப் பாருங்கோ. வட்ஸ்அப்ல ரூ ஸ்டெப் எண்டதப் போட்டு ஒரு பின் (இரகசிய நம்பர்) வையுங்கோ. பார்சல் வந்து நிக்குது, 70 ரூவா கட்டுங்கோ எண்டு லிங்க் வந்தா, நீங்கள் ஒண்டும் ஓடர் பண்ணேல்ல எண்டத முதல் யோசியுங்கோ. லண்டன் மாமா பொதி அனுப்பினவர், கஸ்டம்ஸில நிக்குது எண்டு வாறதும் இதின்ட தம்பிதான், எங்கட சனத்துக்கு எல்லாருக்கும் வெளியில ஒரு மாமா இருக்கிறதால இது நல்லா எடுபடுது. மாட்டுப்பட்டா ஒளிக்காதேங்கோ, வங்கிக்கு உடன அடியுங்கோ, கொம்பியூட்டர் மோசடி, களவுகளப் பாக்கிற இலங்கை சேர்ட் எண்ட அமைப்புக்கு 101 எண்ட நம்பர் இருக்கு.

ஒண்டை மூண்டு இடத்தில

2009க்கு முதல் எங்கட வீட்டில ரெண்டு அல்பம் இருந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகேக்க எந்தப் பங்கருக்க விட்டம் எண்டும் தெரியாது, மாத்தளனுக்குப் போகேக்க கையில உடுப்புப் பை மட்டும்தான். பிறகு அம்மான்ட கல்யாணப் படம் எண்டு எங்களிட்டத் திரும்பி வந்தது, 90கள்ல கனடாவுக்குச் சித்திக்குக் கடிதத்தோட அனுப்பின நாலு படம். சித்தி அத ஸ்கேன் பண்ணி அனுப்பினவ. கொம்பியூட்டர் படிச்ச ஆக்கள் இதுக்கு பக்கப் எண்டு பேர் சொல்லுவினம்: கொப்பி வேற இடத்தில, வேற ஆளிட்ட இருக்கோணும்.

அப்ப அந்த "வீட்டுப் பத்திரங்கள்" போல்டர எடுங்கோ. போன்ல ஒண்டு இருக்கு. பென்ட்ரைவ்ல ஒண்டு போட்டு றங்குப்பெட்டிக்க வையுங்கோ, வருசத்துக்கு ஒருக்கா குத்திப் பாருங்கோ, பென் சும்மா கிடந்தும் பழுதாகும். மூண்டாவது கூகிள் டிரைவ்ல (கூகிளின்ட கிளவுட்), மெயில் திறந்த உடன 15 ஜிபி இலவசமாத் தருவாங்கள், அது மெயிலுக்கும் டிரைவுக்கும் கூகிள் போட்டோசுக்கும் சேத்துத்தான், வட்ஸ்அப் பக்கப்பும் இப்ப அதுக்குள்ளதான் விழுது, அதால வீடியோவ எல்லாம் ஏத்தி நிரப்பாதேங்கோ. ஏத்தினாப் பிறகு வேற ஒரு மெசின்ல திறந்து பாத்தாத்தான் அது அங்க கிடக்கு எண்டு நம்பலாம்.

லப்டொப் வாங்கப் போறதெண்டா

பழசு வாங்கலாம், குறை இல்லை. 8 ஜிபி ரம்முக்குக் குறைஞ்சது வேண்டாம், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா எஸ்எஸ்டி (அத விட வேகமான ஸ்டோரேஜ்) போட்டதோ எண்டு கேளுங்கோ, பழைய மெசினையும் அது ஓட வைக்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான ஆதரவ நிப்பாட்டிட்டுது, அதால விண்டோஸ் 11 ஏறுமோ எண்டு பாத்து வாங்குங்கோ, அதுக்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேணும், கன பழசில அது இல்லை. ஏறாத மெசின் சும்மா கிடைச்சா எறியாதேங்கோ, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டா எழுதவும் நெற் பாக்கவும் தாராளம், அதுக்குக் காசும் இல்லை. கடையில வைச்சே சார்ஜரக் கழட்டி அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கோ, பற்றரி கதை அங்கயே தெரிஞ்சிடும்.

ஒழுங்காப் படிக்கோணும் எண்டு வாற பிள்ளையளுக்கு, பத்தாம் பதினோராம் வகுப்பு தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் புத்தகம் தமிழ்லயே இ-தக்சலாவ தளத்தில இலவசமாக் கிடக்கு, முதல் அத வாசியுங்கோ. கிளிநொச்சி அறிவியல் நகரில 2016ல திறந்த ஜேர்மன் பயிற்சி நிலையத்தில என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) பாடநெறியள் இருக்கு, ஏஎல் நல்லாச் செய்தா அங்கயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ட பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் இருக்கு, 2021ல தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் இருக்கு. தனியார் இடத்தில காசு கட்ட முதல், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்ச இடமோ, தாற சேர்டிபிக்கற் என்விகியூவோ எண்டு கேளுங்கோ, முகத்தச் சுழிச்சா எழும்பி வாங்கோ. முதல் மாசம் மௌசத் தொட விடுவினமோ எண்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

அந்த "வீட்டுப் பத்திரங்கள்" போல்டரில எங்கயும் தடக்குப்பட்டா போனோட கடைக்கு வாங்கோ, பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு சனம் குறைவு. பிரிண்ட் எடுக்க வாற ஆக்கள், படம் எந்தப் பெட்டிக்க கிடக்கு எண்டு பாத்து வைச்சுக்கொண்டு வந்தாப் பெரிய உதவி.